மலையில் கை ஓங்காத பதினான்கு நாட்கள்

நான் கோழி வெட்டுகிறவள். சாதாரண நாளில் நூற்றைம்பது, ஞாயிற்றுக்கிழமை என்றால் முந்நூறைத் தாண்டும். கழுத்தை அறுத்து டிரம்முக்குள் போட்டால் கொஞ்ச நேரம் தடதடவென்று அடித்துக்கொள்ளும், பிறகு அடங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்கிற நேரம் மட்டும் வாசலில் நிற்கிறவர்கள் போனைப் பார்ப்பார்கள். அடங்கியதும் தலையைத் தூக்கி, "சின்னப் பீஸா போடுங்கக்கா, தோல் வேணாம்" என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. அடிபட்ட உடம்பு எப்படி நிற்கும், எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

அன்று மத்தியானம் கூட்டம் ஓய்ந்த பிறகு என் தங்கச்சி கடைக்கு வந்தாள். பையை இடது தோளில் மாட்டியிருந்தாள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவள் பை வலது தோளில்தான் தொங்கும். நான் கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்தினேன்.

"எங்க, விலாவா?"

"ஒண்ணுமில்லக்கா. பஸ்ல இடிச்சுக்கிட்டேன்."

"பஸ்ஸுக்குக் கை முளைச்சிருக்கா?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். விலாதான்.

அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிற வேலை. போன வருடம் தன் இடது மணிக்கட்டுக்குத் தானே ஒற்றைக் கையால் கட்டுப் போட்டுக்கொண்டாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். கட்டு ரொம்ப நேர்த்தியாக இருக்கிறது என்று அவர் பாராட்டினாராம். அதையும் பெருமையாக வந்து என்னிடம் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில், யாரும் கேட்காமலே நாலு கோழியை வெட்டித் தள்ளினேன்.

அவள் வீட்டுக்காரனைப் பார்த்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கெட்ட வார்த்தை வாயில் வராது. விளையாட்டுச் சாமான் கடையில் ஷூவும் கூடாரமும் கயிறும் விற்கிறான். விடிந்தால் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்துதான் பல்லே விளக்குவான். மாடிப்படியில் யார் பையைப் பார்த்தாலும் வாங்கித் தூக்கிக்கொண்டு போவான். தங்கமான பிள்ளை என்று கட்டடம் முழுக்கப் பெயர். நான் மனசுக்குள் வைத்த பெயர் ஓட்டக்காரன். நேரில் தம்பி என்பேன்.

அவர்கள் வீடு எனக்கு நேர் மேலே. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் சத்தம் வரும். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவள் கத்தவே மாட்டாள். துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, அதன் கம்பால் கூரையில் நாலு இடி இடிப்பேன். உடனே மேலே அமைதியாகிவிடும். ஒருமுறை இடித்தும் நிற்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். ஓட்டக்காரன் பனியனோடு வந்து திறந்தான்.

"வாங்கக்கா. டம்ளர் விழுந்துடுச்சு."

அவன் கைக்கடியில் புகுந்து உள்ளே போனேன். என் தங்கச்சி தரையில் மண்டியிட்டுக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னாலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியிருந்தது. நான் திரும்பி அவன் பனியனைக் கொத்தாகப் பிடித்தேன். அவன் அசையவில்லை. என் கையைப் பிரித்துவிட்டது இவள்தான். "நீ கீழ போக்கா, இதுல நீ வராதே" என்றாள். பனியனில் என் விரல் பட்ட இடத்தை அவன் நீவிவிட்டுக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படிப்பட்டவளைத்தான் அன்று மத்தியானம் கட்டைக்கு முன்னால் உட்காரவைத்து, "சொல்லுடி, என்ன விஷயம்?" என்று கேட்டேன்.

"நாங்க மலைக்குப் போயிடலாமான்னு பாக்கறோம். ஒரேயடியா."

அவன் வருடத்துக்கு ஒருதரம் ஏறப்போகிற மலையூர் ஒன்று உண்டு. அங்கே ஒரு அம்மா கூடார முகாம் நடத்துகிறாள். பாறை ஏறுகிறவர்கள், காட்டுக்குள் நடக்கிறவர்கள், சைக்கிளில் சரிவு இறங்குகிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் தங்குவார்கள். அவளுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வேண்டுமாம். புருஷன் ஆட்களை மேலே கூட்டிப்போக வேண்டும். பெண்டாட்டி, கை கால் பிசகினவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடும் உண்டு. மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அவரு என்னையே முடிவு பண்ணச் சொல்லிட்டாருக்கா. நான் வேணாம்னா போகலையாம்."

"ஆமா, நாளைக்கு ஏதாவது ஆனா நீதானே சொன்னேன்னு மொத்தறதுக்கு வசதியா இருக்கும்."

"அக்கா, நான் சொல்றதைக் கேளு." அவள் குரலை இறக்கினாள். "மூணு தடவை அவர்கூட அங்க போயிருக்கேன். முதல் தடவை நாலு நாள். அப்புறம் அஞ்சு, அப்புறம் அஞ்சு. மொத்தம் பதினாலு நாள். ஒரு நாள்கூட அவர் கை ஓங்கலை."

நாள் எண்ணி வைத்திருக்கிறாள் பாருங்கள். "பதினஞ்சாவது நாள்?" என்றேன்.

"அங்க அவர் வேற ஆளுக்கா. ஏறி இறங்கி வந்து குழந்தை மாதிரி தூங்கிடுவாரு. இங்க அந்தக் கடைக்குள்ள நாளெல்லாம் நின்னு நின்னு, வீட்டுக்கு வரும்போதே உடம்பு முறுக்கிக்கிட்டு இருக்கு."

"நானும்தான் நாளெல்லாம் நின்னு வெட்டறேன். நான் யாரைப் போய் அடிச்சேன்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் கடைக்கு ரெண்டு நாள் லீவு விட்டேன். முடிவு சொல்வதற்கு முன்னால் அவர்கள் அந்த மலை வீட்டைப் பார்க்கப் போகும்போது நானும் வருவேன் என்று கட்டளையாகவே சொல்லிவிட்டேன்.

அந்த ஊரைப் பற்றி என்னத்தைச் சொல்ல! ஒரே ஒரு தெரு. கடைக்குக் கடை கயிறும் ஷூவும் தொங்குகிறது. ஒரு கிலோ தக்காளி வாங்க வேண்டுமென்றால் ஊர் முழுக்கச் சுற்ற வேண்டும். ஆணும் பெண்ணும் முதுகில் ஆள் உயரப் பையைக் கட்டிக்கொண்டு, கைக்கு ஒரு குச்சியோடு குறுக்கும் நெடுக்கும் போகிறார்கள். காசு கொடுத்து ஏறி, காசு கொடுத்து இறங்குகிற கூட்டம். "நடக்கறதுக்கா இவ்வளவு சாமான்?" என்றேன். ஓட்டக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். என் பையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

பொய் சொல்லமாட்டேன், அவன் அங்கே வேறு ஆளாகத்தான் இருந்தான். வழியில் கல் தட்டினால் நின்று கை கொடுத்தான். என் தங்கச்சி அவனுக்கு முன்னால் நடந்தாள். கீழே இருக்கும்போது ஒருநாள்கூட அவள் அவனுக்கு முதுகைக் காட்டி நடந்து நான் பார்த்ததில்லை. அவள் ஏதோ சொல்ல, அவன் சிரிக்க, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் அப்படிக் குரல் விட்டுச் சிரித்து நான் கேட்டதேயில்லை.

பிறகு வீட்டைக் காட்டினார்கள். நல்ல வீடுதான். மரத்தரை, பெரிய ஜன்னல், குழாயைத் திறந்தால் பனி மாதிரி தண்ணீர். பக்கத்து வீடு எங்கே என்று கேட்டேன். அவன் சரிவுக்குக் கீழே கையைக் காட்டினான். ஒரு தகரக்கூரை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அரைமணி நேர நடையாம்.

நான் நடு அறைக்குப் போய் நின்றேன். மூச்சை இழுத்து, என் உயிரே போகிற மாதிரி "ஐயோ, கொல்றாங்களே!" என்று கத்தினேன். சந்தைச் சத்தத்தில் முந்நூறு பேரை வரிசையில் நிற்கவைக்கிற தொண்டை இது. மூன்றுமுறை கத்தினேன். ஒரு குருவி பறந்தது, அவ்வளவுதான். ஒரு மனுஷன் எட்டிப்பார்க்கவில்லை.

ஓட்டக்காரன் வாசலில் நின்று கை தட்டினான். "எதிரொலி நல்லா இருக்குல்லக்கா?" என்றான். கூடாரக்காரம்மாவைக் கூட்டிவர முகாமுக்குப் போய்விட்டான்.

வீட்டுக்குப் பின்னால் தங்கச்சியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"பாத்தியா? எவனாவது வந்தானா? இங்க உன்னைக் கண்டதுண்டமா வெட்டினாலும் கேக்கறதுக்கு நாதியில்லடி."

"கத்தறதுக்கே அவசியம் வராதுன்னுதானேக்கா சொல்றேன்."

"பதினாலு நாள் அடிக்கலைன்னு அவனுக்குச் சிலை வைக்கச் சொல்றியா?"

"கீழ இருந்தா அடிக்கறாரு. இங்க இருந்தா அடிக்கலை. நான் வேற எதைப் பாத்து முடிவு பண்றது? நீயே சொல்லு."

"விட்டுத் தொலைச்சுட்டு என்கூட வா."

"உன்கூடயா?" அவள் முகம் சிவந்தது. "உன்கிட்ட வளந்தவதானேக்கா நான். பால் பொங்கினா அடி. பரீட்சைல மார்க் குறைஞ்சா அடி. எதுத்துப் பேசினா அடி. கரண்டியால அடிச்சே, செருப்பால அடிச்சே. அப்ப யாரு கூரையை இடிச்சா?"

அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. எப்படி வளர்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். என் கை என்னைக் கேட்கவில்லை. பளாரென்று விட்டேன். அவள் சுவரில் போய் மோதினாள். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. நான் மறுபடி கையை ஓங்கியிருந்தேன். ஓங்கிய கையைப் பின்னாலிருந்து ஒருவன் பிடித்தான்.

"என் பொண்டாட்டி மேல கை வைக்கற வேலையெல்லாம் வேணாம்க்கா" என்றான் ஓட்டக்காரன். குரலை உயர்த்தவில்லை. என் மணிக்கட்டை எலும்பு நசுங்கப் பிடித்திருந்தான்.

கைக்குட்டையை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துவிட்டான். அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். கூட வந்த கூடாரக்காரம்மா என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவனைக் கடித்துத் துப்ப வேண்டும்போலவும் இருந்தது.

மறுநாள் காலை முகாமில், உதடு வீங்கியபடியே என் தங்கச்சி முடிவைச் சொன்னாள். "ஒண்ணாம் தேதி வந்துடறோம்மா." கூடாரக்காரம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஓட்டக்காரன் இவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. காயத்துக்குப் போடுகிற மருந்தெல்லாம் எங்கே இருக்கிறது என்று பார்க்க அந்த அம்மாவோடு உள்ளே போனாள்.

நானும் அவனும் மட்டும் வெளியே நின்றோம். அவன் புதுக் கூடாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். இரும்பு முளையைத் தரையில் சாய்த்து வைத்து, சுத்தியலால் நாலு போடு போட்டான். ரொம்பக் குஷியில் இருந்தான். களைத்துப்போய்ப் புல்லில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, வலது காலை ஒரு தட்டைப் பாறைமேல் நீட்டிக்கொண்டான். சுத்தியலைப் பக்கத்தில் வைத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இனிமே துடைப்பத்துக்கு வேலை இல்லக்கா."

விளையாட்டுக்குச் சொன்னானா, மனசில் வைத்துச் சொன்னானா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அந்த வீட்டின் நடு அறையும், நான் கத்தினதும், குருவி பறந்ததும்தான் கண்ணுக்குள் நின்றது. இவன் கால் இருந்தால்தானே மலை, மலை இருந்தால்தானே அந்த வீடு என்று தோன்றியது. எலும்பை உடைத்தால் கூடிவிடும் என்று என் தங்கச்சியே சொல்லியிருக்கிறாள். மூட்டு உடைந்தால் கூடினாலும் அது பழைய மூட்டு இல்லை. மூட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய ஆளா நான்?

சுத்தியலை எடுத்தேன். கணுக்காலில் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிற குமிழுக்குக் கீழே ஒரு போடு. அடியில் பாறை இருந்ததால் அடி முழுசாக இறங்கியது. அவன் அலறுவதற்கு முன்னாலேயே ரெண்டாவதையும் போட்டுவிட்டேன். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு நுனி எட்டிப்பார்த்தது. அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். பிறகுதான் சத்தம் வந்தது. மலை முழுக்க அது திரும்பித் திரும்பிக் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை, உடம்பெல்லாம் குளிர்ந்தது.

என் தங்கச்சி ஓடிவந்தாள். என்னையும் பார்த்தாள், என் கையிலிருந்த சுத்தியலையும் பார்த்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, கூடாரத்தின் ரெண்டு கம்பியை உருவி, அவன் காலுக்கு ரெண்டு பக்கமும் வைத்து, தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்ட ஆரம்பித்தாள். அவன் வலி தாங்காமல் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். இழுத்த பக்கமே தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் கட்டை முடித்தாள். நேர்த்தியான கட்டு.

கூடாரக்காரம்மா மூச்சிரைக்க வந்து, "ஐயையோ, எப்படி ஆச்சு?" என்றாள்.

ஓட்டக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "பாறைல வழுக்கிட்டேம்மா" என்றான்.

பொம்பளை கையால் அடிவாங்கினேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னான். வழுக்கி விழுவது அந்தக் குடும்பத்துக்கே வியாதிபோலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அறுத்து, ஆறு திருகாணி வைத்துப் பூட்டினார்கள். நடக்கலாம், நொண்டித்தான் நடக்க முடியும், மலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடாரக்காரம்மா ரெண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஒரு ஜோடியை வைத்துக்கொண்டாள். நின்று விற்க முடியாதவன் எதற்கு என்று கடையிலும் அவனை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று வாரம் மேலே சத்தமே இல்லை. மாத்திரை மயக்கத்தில் கிடந்தான். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன். தங்கச்சி என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறாள், எலும்பு முழுசாக இருந்தால் சரி என்று இருந்தேன்.

நாலாவது வாரம் அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. முன்பு ஏழு மணிக்கு மட்டும் வந்த சத்தம், இப்போது அவள் வேலைக்குக் கிளம்பும்போது, வேலை முடிந்து வந்ததும், சாப்பாட்டு வேளையில் என்று நேரம் காலம் இல்லாமல் வந்தது. அவன் எங்கேயும் போகிறதில்லை, நாளெல்லாம் கட்டிலில்தான். அவனுக்குத் தண்ணீர் கொடுக்க, முதுகு துடைக்க, பாத்ரூமுக்குத் தாங்கிப் போக அவள்தான் கிட்டே போக வேண்டும். துடைப்பத்தை எடுத்துக் கூரையை இடித்தேன். நிற்கவில்லை. இன்னும் ஓங்கி இடித்தேன். மேலேயிருந்து ஊன்றுகோலால் தரையில் நாலு இடி திரும்பி வந்தது. நான் எத்தனை இடித்தேனோ அத்தனை. பிறகு பழைய சத்தம் தொடர்ந்தது. ஓடிப்போய்க் கதவை உதைத்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. அவள்தான் உள்ளேயிருந்து, "போயிடுக்கா, நீ வந்தா ஜாஸ்தியாகுது" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே கடைக்கு வந்தாள். கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. வரிசையிலேயே நின்று, தன் முறை வந்தபோது கட்டைக்கு முன்னால் வந்தாள். வெயில் கொளுத்துகிறது, அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே பவுடரை அப்பியிருந்தாள்.

"அரைக் கிலோக்கா. எலும்பாப் பாத்துப் போடு. அவருக்கு எலும்பு சரியாக் கூடலையாம், டாக்டர் சூப்பு குடிக்கச் சொல்லியிருக்காரு."

"கையைத் தூக்கு" என்றேன்.

"எதுக்கு?"

"தூக்குடி."

தூக்கினாள். தோள் மட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பின்னால் நிற்கிறவர்கள் கேட்டால் கேட்கட்டும் என்று சொன்னேன்.

"போதும்டி. இன்னைக்கே இறங்கி வந்துடு. உன்மேல ஒரு விரல் படாது, இனிமே நானும் தொடமாட்டேன்."

"நொண்டியை விட்டுட்டு எப்படிக்கா வர்றது? முன்னாடின்னா விட்டுட்டாவது வந்திருப்பேன். இப்ப விட்டா ஊரே என் மூஞ்சில துப்பும். எனக்கே மனசு வராது."

"அந்த மலைக்குப் போயிருந்தா மட்டும் அவன் அடிக்காம இருந்திருப்பானா?"

"தெரியாது." அவள் யோசித்துத்தான் சொன்னாள். "இனிமே எப்படித் தெரிஞ்சுக்கறது? என் வாழ்க்கைல நானா எடுத்த முடிவு அது ஒண்ணுதான்."

கத்தியைப் பிடித்தபடி நின்றேன். அவள் கோபமாகவே இல்லை. கழுத்து இருக்கிறதா, முதுகு இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

"நீ காலை உடைச்சே. அவர் அடிக்கறது கையாலக்கா."

"சீக்கிரம் போடுங்கக்கா, வெயில் தாங்கலை" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். கழுத்து, முதுகு, கால் என்று பொறுக்கி எடுத்து, சாறு இறங்கட்டும் என்று சின்னச் சின்னதாக வெட்டிப் பையில் போட்டேன். அவளாவது சாப்பிடட்டும் என்று ரெண்டு ஈரலையும் சேர்த்துப் போட்டேன். அவள் பையைத் திறந்து பார்த்தாள். ஈரலை மட்டும் எடுத்துக் கட்டையிலேயே திருப்பி வைத்துவிட்டு, எலும்பை எடுத்துக்கொண்டு போனாள்.